வானிலிருந்து எய்த வாணம்: கூற்றும் சான்றும்

போர்க்களத்திலே நிகழ்ந்தது யாது என்பதை அறிதற்கு வரலாற்றாசிரியனுக்கு இருவகைச் சான்றுகள் உள. ஒன்று, போரிட்டோர் தாம் செய்ததாகக் கூறுவது. மற்றொன்று, போர் ஓய்ந்தபின் களத்திலே எஞ்சிக் கிடப்பது. இவ்விரண்டும் தம்முள் ஒத்துநிற்குமிடத்து அவனுக்கு இடர்ப்பாடு யாதும் இல்லை. ஒவ்வாதவிடத்தே அவன் கடமை தொடங்குகின்றது. இவ்வொவ்வாமையை மிகத் தெளிவாகக் காட்டும் படைக்கலங்களுள் ஒன்று, போர்விமானங்களிலிருந்தும் ஹெலிகொப்டர்களிலிருந்தும் நிலத்திலுள்ள இலக்குகளை நோக்கி எய்யப்படும் றொக்கெற் ஆகும்.

றொக்கெற் என உலகெங்கும் வழங்கும் இக்கருவிக்குத் தமிழிலே வாணம் என்னும் பழஞ்சொல் உண்டு. ஏவுகணை என்னுஞ் சொல் இக்காலத்திற் பெரும்பாலும் விட்டபின்னும் நெறிப்படுத்தக்கூடிய கருவிகளைக் குறித்தலால், விட்டபின் எவராலும் திருப்ப இயலாத இதனை வாணம் என்றே வழங்குதல் பொருத்தமாகும். வில்லை நீங்கிய அம்பைப்போல விமானத்தை நீங்கிய வாணமும் எய்தவனுக்குக் கட்டுப்படாது. ஆதலின் அதனைக் குறித்து மூன்று வினாக்கள் எழுகின்றன. அது எங்கே விழும்? விழுமிடத்தில் இருப்பவர் யார்? விழுந்து அது செய்தது யாது? இவ்வாணத்தின் வரலாறு முழுவதும் இம்மூன்று வினாக்களுக்கும் விடைதேடிய வரலாறே எனலாம்.

வாணத்தின் இயல்பும் தொன்மையும்

ஆலயத் திருவிழாவிலே வானில் ஏறி ஒளிரும் வாணமும், போர்விமானத்தின் சிறகின்கீழ்ப் பூட்டப்படும் வாணமும் ஒரே விதியால் இயங்குவன. குழாயினுள்ளே எரியும் மருந்து வாயுவாகிப் பின்புறத் துளைவழியே விரைந்து வெளியேற, அதற்கு எதிர்த்திசையிற் குழாய் உந்தப்படுகின்றது. ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டு என்ற நியூற்றனின் மூன்றாம் விதியே இதற்கு அடிப்படை.

இவ்வியல்பிலிருந்து வாணத்துக்கு ஒரு பெருநன்மையும் ஒரு பெருங்குறையும் விளைகின்றன. பீரங்கியானது தன் குண்டை எறியும்போது கடும் பின்னுதைப்பைத் தாங்குதல் வேண்டும். அதனால் அது கனத்த இரும்பினால் ஆக்கப்படுகின்றது. வாணத்துக்கோ பின்னுதைப்பு இல்லை. ஆதலால் பெரும் பீரங்கியைச் சுமக்கமாட்டாத சிறு விமானமும் பெரும் பீரங்கிக் குண்டுக்கு நிகரான வெடிதலையை எய்தல் கூடும். இது நன்மை. பீரங்கிக்குண்டு குழாயை நீங்கும்போதே தன் முழு விரைவையும் பெற்றிருக்கும். வாணமோ விட்டபின்னரே சிறிது சிறிதாக விரைவு பெறுகின்றது. அவ்விடைவேளையிற் காற்றும், விமானத்தின் சிறு சாய்வும், புவியீர்ப்பும் அதன் நெறியை மாற்றிவிடுகின்றன. இது குறை. பின்வந்தோர் செய்த திருத்தங்கள் யாவும் இந்நன்மையைக் காத்து இக்குறையைக் குறைக்க முயன்றவையே.

போர்வாணத்தின் புகழ் ஐரோப்பாவிற் பரவுதற்குத் தென்னிந்தியப் போர்கள் பெரிதும் காரணமாயின. மைசூரை ஆண்ட ஐதரலியும் அவர் மைந்தர் திப்பு சுல்தானும் இரும்புக் குழாயில் மருந்து அடைத்து மூங்கிற்கழியோடு பிணைத்த வாணங்களைப் பெருந்தொகையாகப் பயன்படுத்தினர். 1780 செப்டெம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அணித்தாய், ஆங்கில நூல்களிற் பொள்ளிலூர் எனக் குறிக்கப்படும் புள்ளலூரிலே, கேணல் பெய்லியின் படை முற்றாகத் தோல்வியுற்றது. அப்போரில் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தமைக்கு மைசூர் வாணங்களே காரணம் எனப் பலரும் எழுதியுள்ளனர். 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் வாணங்கள் சில இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவற்றின் தூண்டுதலால் வில்லியம் கொங்கிறீவ் வூலிச் நகரிலே தம் வாணங்களை ஆக்கினார். 1807இல் கொப்பன்கேகன் நகர் அவ்வாணங்களாலும் குண்டுகளாலும் எரியுண்டது. நகரைப்போன்ற பெரும் பரப்பைக் கொளுத்துதற்கு அவை ஏற்றவையாயின. குறித்த ஓரிடத்தை அடித்தற்கு ஏற்றவையாகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே உட்சுரி வெட்டப்பட்ட பீரங்கிகள் செம்மையுற்றபோது வாணம் களத்தினின்றும் நீங்கலாயிற்று.

விமானத்தில் ஏறிய வாணம்

வாணம் மீண்டும் போருக்கு வந்தது விமானத்தின் வாயிலாகவே. முதலாம் உலகப் போரிலே பகைவரின் நிலையை நோக்குதற்கு இருதரத்தாரும் ஐதரசன் வாயு நிரப்பிய பலூன்களை வானில் நிறுத்தினர். சாதாரண துப்பாக்கிச் சன்னங்கள் துளைத்தாலும் அவை எளிதில் எரிந்து வீழவில்லை. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான ஈவ் லெ பிரியர் என்பார் இதற்கு ஒரு வழி கண்டார். தடித்த தாட்குழாயில் கருமருந்தை அடைத்து, முனையிலே கத்தி போன்ற அலகு பொருத்தி, நீண்ட மரக்கழியோடு இணைத்த வாணங்களை இரட்டைச் சிறகு விமானத்தின் இடைத்தூண்களிற் பூட்டி, மின்னோட்டத்தால் மூட்டும் வகையை அவர் அமைத்தார். 1916இல் வெர்டன் போரின்போது இவை முதன்முறை பயன்பட்டன. எனினும் இலக்குக்கு நூறு யார் அளவு அணுகியே இவற்றை எய்ய வேண்டியிருந்தது. அப்பாற் சென்றால் வாணம் தன் விருப்பப்படியே சென்றது. தீமூட்டும் சன்னங்கள் செம்மையுற்றபின் லெ பிரியரின் வாணம் கைவிடப்பட்டது.

அடுத்த முயற்சி சோவியத்து நாட்டில் நிகழ்ந்தது. லெனின்கிராட்டில் இயங்கிய வாயு இயக்கவியல் ஆய்வுகூடமும், 1933இல் மொஸ்கோவிலே நிறுவப்பட்ட ஆராய்ச்சி நிலையமும் புகையற்ற மருந்தால் இயங்கும் இருவகை வாணங்களை ஆக்கின. அவை 82 மில்லிமீற்றர், 132 மில்லிமீற்றர் விட்டங் கொண்டவை. அவ்வாராய்ச்சியை முன்னின்று நடத்திய கிளெய்மியோனோவ், லங்கெமாக் என்னும் இருவரும் ஸ்ராலினின் களையெடுப்பிற் சிக்கி 1938 சனவரியிற் கொல்லப்பட்டனர். தம் ஆக்கம் போரிற் பயன்படுவதை அவர்கள் காணவில்லை. 1939 ஆகத்து மாதம், மங்கோலிய எல்லையிலுள்ள கல்கின் கோல் போரிலே சோவியத்து விமானங்கள் யப்பானிய விமானங்கள்மீது இவ்வாணங்களை எய்தன. 1941இல் ஜேர்மனி படையெடுத்தபின் நிலத்திலுள்ள படைகளின்மீதும் இவை பெருந்தொகையாக எய்யப்பட்டன.

ஆயின் இவற்றின் குறி எத்தகையது? சோவியத்துப் பரிசோதனை ஒன்றிலே 500 மீற்றர் தொலைவிலிருந்து எய்த 82 மில்லிமீற்றர் வாணங்கள் 186இல், தனியே நின்ற தாங்கியைத் தாக்கியவை நூற்றுக்கு 1.1 வீதமே. தாங்கிகளின் வரிசையை நோக்கி எய்தபோது இது 3.7 வீதமாக உயர்ந்தது. ஆயினும் போர்முனையிலிருந்து வந்த அறிக்கைகள் இக்கணக்கை ஒத்திருக்கவில்லை. முதலாம் வினாவுக்குப் பரிசோதனைக் களம் தந்த விடை ஒன்றாகவும், போர்க்களம் தந்த விடை வேறொன்றாகவும் இருந்தமையை ஈண்டு நோக்குக.

கடலிற் கண்ட வெற்றி

பிரித்தானியாவிலே போருக்குச் சற்று முன்னர், பகைவிமானங்களை நிலத்திலிருந்து தாக்கும் பொருட்டு 3 அங்குல விட்டமுள்ள வாணம் ஆராயப்பட்டது. கோடைற்று என்னும் புகையற்ற மருந்து அதனை உந்தியது. பின்னர் அதுவே விமானங்களுக்கும் உரியதாக்கப்பட்டது. பின்புறத்தே சிலுவை வடிவில் நான்கு செட்டைகள் அமைந்த அவ்வாணத்துக்கு இருவகைத் தலைகள் பொருத்தப்பட்டன. ஒன்று 25 இறாத்தல் நிறையுள்ள திண்ணிய உருக்குத்தலை. மற்றையது 60 இறாத்தல் நிறையுள்ள வெடிதலை. சிறகின்கீழே பக்கத்துக்கு நான்காக எட்டு வாணங்களை ஒரு விமானம் சுமந்தது.

தாங்கிகளைத் துளைக்கக் கருதிய 25 இறாத்தல் தலை, எதிர்பாராதவாறு நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு எமனாயிற்று. உரிய கோணத்தில் நீரினுட் புகுந்த வாணம் மேல்நோக்கி வளைந்து சென்று, நீர்மட்டத்தின்கீழே கப்பலின் உடலைத் துளைப்பது பரிசோதனைகளாற் புலனாயிற்று. சற்றுக் குறுகி விழுந்த வாணமும் இதனாற் பயன் தந்தது. 1943 மே 23 அன்று, ஆர்ச்சர் என்னும் துணை விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து சென்ற சுவோட்பிஷ் விமானம் ஒன்று அத்திலாந்திக் கடலில் யூ-752 என்னும் ஜேர்மானிய நீர்மூழ்கியை வாணங்களால் துளைத்தது. மீண்டும் மூழ்க இயலாத நிலையில் அக்கப்பல் அழிந்தது. பழைய துணிச்சிறகு விமானமொன்று இதனைச் செய்தது என்பது கருதத்தக்கது.

கடலில் வாணம் பெற்ற வெற்றிக்குக் காரணங்கள் வெளிப்படை. இலக்கு பெரிது, திறந்த நீர்ப்பரப்பிலே தனித்து நிற்பது, பெரும்பாலும் இன்னாருடையது எனத் தெளியக்கூடியது. தாக்கியதன் விளைவும் மறைந்திருப்பதில்லை. கப்பல் மூழ்கியதா இல்லையா என்பது கண்ணெதிரே தெரிகின்றது. மூன்று வினாக்களுக்கும் ஆங்கே விடை கிடைத்தது. நிலத்திலோ இம்மூன்றும் ஒருங்கே இருளடைந்தன.

மோற்றேன் களம்

1944 ஆகத்து 7 அன்று விடியுமுன், ஹிற்லரின் ஆணைப்படி ஜேர்மானியக் கவசப்படைகள் பிரான்சின் நோமண்டிப் பகுதியிலே மோற்றேன் என்னும் ஊரின் வழியாக மேற்கே அவ்ராஞ்சு நகரை நோக்கிப் பாய்ந்தன. கடற்கரையை எட்டி, தெற்கே இறங்கிய அமெரிக்கப் படைகளைத் துண்டிப்பதே அவற்றின் நோக்கம். அவற்றை எதிர்த்து நின்றது அமெரிக்காவின் 30ஆம் காலாட் படைப்பிரிவு. காலையில் மூடுபனி கவிந்திருந்தமையால் விமானங்கள் பறக்கவில்லை. நண்பகலளவிற் பனி விலக, பிரித்தானியாவின் ரைபூன் விமானங்கள் அணியணியாக வந்து, ஒடுங்கிய பாதைகளில் நெருங்கி நின்ற ஜேர்மானிய ஊர்திகளின்மீது வாணங்களைப் பொழிந்தன. அந்நாளில் அவை ஏறத்தாழ 300 முறை பறந்து 2,000 அளவிலான வாணங்களை எய்தன. தாக்குதல் நின்றது.

இருவர் வான்படைகளும் அந்நாட்களுக்குரிய தம் கணக்கை வெளியிட்டன. பிரித்தானியர் 84 தாங்கிகளை அழித்ததாகவும், 35 தாங்கிகளை அழித்திருக்கலாம் எனவும், 21 தாங்கிகளைச் சேதப்படுத்தியதாகவும் கூறினர். அமெரிக்க வான்படையினரின் கணக்கு முறையே 69, 8, 35 ஆகும். இவற்றை ஒருங்கு கூட்ட 252 வரும். வாணம் ஒரு கவசப் படையையே தனித்து முறியடித்தது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. ஜேர்மானியத் தளபதிகளும் தம் தோல்விக்கு வான்படையையே காரணங் காட்டினர்.

களம் நேசநாட்டார் கைக்கு வந்ததும், ஆகத்து நடுப்பகுதியிலே பிரித்தானியாவின் செயன்முறை ஆராய்ச்சிப் பிரிவினர் ஆங்கே சென்றனர். பேராசிரியர் பிளக்கெற் முதலிய விஞ்ஞானிகள் போர்க்காலத்தில் வளர்த்தெடுத்த ஆராய்ச்சிமுறை இது. போரின் நிகழ்ச்சிகளை எண்ணாலும் அளவாலும் ஆராய்ந்து தெளிவதே அதன் நெறி. அவர்கள் பாதைதோறும் வயல்தோறும் நடந்து சென்று, அழிந்துகிடந்த ஒவ்வோர் ஊர்தியையும் அணுகி நோக்கினர். கவசத்திலுள்ள துளை எத்தகையது? அருகே வாணத்தின் வெறுங்குழாய் கிடக்கின்றதா? நிலத்திற் பள்ளம் உண்டா? உள்ளே தீப்பற்றியது எங்ஙனம்? இவ்வாறு வினவி ஒவ்வொன்றின் அழிவுக்கும் காரணங் கண்டனர்.

அவர்கள் கண்ட தாங்கிகளும் தாமே இயங்கும் பீரங்கிகளும் 46. அவற்றுள் வானிலிருந்து வந்த படைக்கலங்களால் அழிந்தவை 9 மட்டுமே. எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை நிலத்தில் நின்ற அமெரிக்கப் படையின் பீரங்கிகளுக்கு இரையானவை. வேறு சில பழுதின்றிக் கைவிடப்பட்டவை, அல்லது விட்டுச் சென்றோராலேயே அழிக்கப்பட்டவை.

ஜேர்மானியர் பின்வாங்கும்போது சேதமுற்ற தாங்கிகளை இழுத்துச் சென்றிருக்கலாமே என்ற தடை எழுதல் இயல்பு. சிலவற்றை அவ்வாறு கொண்டுசென்றிருத்தல் கூடும். ஆயின் அழித்ததாகக் கூறப்பட்ட தொகைக்கும் கண்ட தொகைக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை அதனால் நிரப்ப இயலாது. பரிசோதனைக் களத்தின் சான்றும் இதற்குத் துணைநிற்கின்றது. கைப்பற்றிய ஜேர்மானியத் தாங்கி ஒன்றுக்கு வெண்ணிறம் பூசி, வெட்டவெளியில் நிறுத்தி, எதிர்ப்புச் சூடு யாதுமின்றி ரைபூன் விமானிகள் எய்த 64 வாணங்களுள் அதனைத் தாக்கியவை மூன்றே. நிறந்தோன்ற அசையாது நின்ற தாங்கியே இவ்வளவிற் பட்டதெனின், மரநிழலில் மறைந்தும் புழுதியிற் புதைந்தும் நின்ற தாங்கியின் நிலை சொல்லவேண்டா.

விமானிகள் பொய்யுரைத்தனர் எனக் கொள்ளுதல் பெரும் பிழையாகும். மணிக்கு நானூறு மைல் அளவான விரைவிற் பாய்ந்து, சில விநாடிகளுள் எய்து, சூட்டுக்குத் தப்பி மேலெழும் ஒருவன் பின்னோக்கிக் காண்பது புகையும் புழுதியுமே. அப்புகையினுள் இருப்பது தாங்கியா, பாரவூர்தியா என்பதை அவன் எங்ஙனம் அறிவான்? எரிந்துகொண்டிருக்கும் ஒரே ஊர்தியை அடுத்தடுத்து வந்த பலரும் தாக்கித் தத்தம் கணக்கிற் சேர்த்தலும் கூடும். அவர்கள் ஆற்றிய பணியின் கடுமையையும் மறத்தலாகாது. நோமண்டிப் போரில் ஏறத்தாழ 150 ரைபூன் விமானிகள் உயிர் நீத்தனர். நுவாயே-பொக்காஜ் என்னும் ஊரிலுள்ள நினைவுச்சின்னம் அவர்களின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றது. கண்டதைக் கண்டவாறே அவர்கள் கூறினர்; வானிலிருந்து காணக்கூடியது அவ்வளவே என்பதுதான் உண்மை.

அங்ஙனமாயின் வாணம் பயனற்றதோ எனின், அன்று. ஆராய்ச்சியாளர் இதனையும் சான்றுகொண்டே நிறுவினர். சிறைப்பட்ட ஜேர்மானிய வீரரை வினவியபோது, வாணங்களின் பேரொலியும் அவை விழுமிடத்தின் பேரழிவும் தம்மை நடுங்கச் செய்தன என அவர்கள் கூறினர். தாங்கியினுள் இருத்தலே உயிருக்குப் பாதுகாப்பாயிருக்கவும், பலர் அதனைவிட்டு வெளியே குதித்து ஓடினர். கவசமில்லாத பாரவூர்திகள் எரிந்தமையால் எண்ணெயும் வெடிமருந்தும் முன்னணிக்குச் செல்லவில்லை. பழுதின்றிக் கைவிடப்பட்ட தாங்கிகள் களத்திற் கிடந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். வாணம் இரும்பைச் சிதைத்ததைக் காட்டிலும் இரும்பினுள் இருந்தோர் உள்ளத்தையே மிகுதியாகச் சிதைத்தது. எரிந்த தாங்கிகளை மட்டும் எண்ணுவோனுக்கு இவ்விளைவு புலப்படாது; 252 என்ற எண்ணை நம்புவோனுக்கும் புலப்படாது.

இத்திருத்தம் எண்ணைப் பற்றியது மாத்திரமன்று. நீதியைப் பற்றியதும் ஆகும். மோற்றேனுக்குக் கிழக்கே 314ஆம் குன்றிலே அமெரிக்கக் காலாட்படையினர் ஏறத்தாழ 700 பேர் பகைவராற் சூழப்பட்டு, உணவும் மருந்தும் அருகிய நிலையிலும் ஆகத்து 12 வரை அக்குன்றை விடாது நின்றனர். அவர்களுள் முந்நூறு பேர் அளவில் இறந்தோ காயமுற்றோ வீழ்ந்தனர். குன்றின் உச்சியிலிருந்து அவர்கள் வழிகாட்ட, பீரங்கிப்படை பகைவரை ஓயாது தாக்கியது. வெற்றி முழுவதையும் வாணத்துக்கே உரியதாக எழுதும் வரலாறு, இவர்களுக்குரிய பங்கைக் கவர்ந்து பிறருக்கு அளிப்பதாகும். களத்தை நடந்து கண்டோரின் கணக்கே அப்பங்கை அவர்களுக்கு மீட்டுத் தந்தது.

இலக்கை அறியாமை

மேலே கூறியவை வாணம் இலக்கைத் தவறியதைப் பற்றியன. வாணம் இலக்கைத் தவறாது தாக்கியபோதும் துயரம் விளைந்ததுண்டு. இரண்டாம் வினாவாகிய அங்கிருப்பவர் யார் என்பதற்கு விடை பிழைபட்டமையே அதற்குக் காரணம்.

1944 ஆகத்து 27 அன்று, பிரான்சின் லெ ஆவர் துறைமுகத்துக்கு அப்பால் பிரித்தானியக் கண்ணிவாரிக் கப்பல்கள் தம் பணியில் ஈடுபட்டிருந்தன. அவை அங்கு செல்வதற்கான கட்டளை, அறிந்திருக்க வேண்டிய கடற்படைத் தலைமைக்கு எட்டவில்லை. ஆதலால் அவை பகைவரின் கப்பல்களெனக் கருதப்பட்டு, ரைபூன் விமானங்கள் ஏவப்பட்டன. விமானங்களை நடத்திச் சென்ற தலைவர் அவை நம்மவரின் கப்பல்கள் போலத் தோன்றுகின்றனவே என ஐயுற்று வினவினார். தாக்குமாறே மறுமொழி வந்தது. பிறிற்றோமாட், ஹுசார் என்னும் இரு கப்பல்கள் மூழ்கின. சலமாண்டர் என்னும் கப்பல் மீளப் பயன்படாதவாறு சிதைந்தது. 117 மாலுமிகள் மாண்டனர். மோற்றேனில் தாங்கிகளைத் தவறிய அதே வாணம் இங்கு தன் நாட்டவரைத் தவறவில்லை.

1945 மே 3 அன்று நிகழ்ந்தது இதனினும் கொடிது. வட ஜேர்மனியின் லூபெக் விரிகுடாவிலே கப் ஆர்க்கோனா, தீல்பெக் முதலிய கப்பல்கள் நின்றன. ஜேர்மானியப் படையினர் கடல்வழியே தப்பிச் செல்ல முயல்கின்றனர் என எண்ணி, ரைபூன் விமானங்கள் வாணங்களாலும் குண்டுகளாலும் அவற்றைத் தாக்கின. கப் ஆர்க்கோனா தீப்பற்றிச் சாய்ந்தது, தீல்பெக் மூழ்கியது. அவற்றினுள் அடைக்கப்பட்டிருந்தோர் பெரும்பாலும் நொயங்கம்மே முதலிய நாசிச் சிறைமுகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். ஏறத்தாழ 7,000 பேர் தீயிலும் நீரிலும் மாண்டனர். கப்பல்களிற் கைதிகள் உளர் என்ற செய்தி முதல்நாளே பிரித்தானியர் பக்கம் வந்திருந்தும் விமானிகளை எட்டவில்லை என்பது பின்னர் நடந்த பிரித்தானிய விசாரணையிலே வெளியாயிற்று. மறுநாள், மே 4 அன்று, வடமேற்கு ஜேர்மனியிலுள்ள படைகள் சரணடைவதற்கு ஒப்பமிட்டன. ஒரு நாள் தாழ்த்திருப்பின் அவர்கள் விடுதலை பெற்றிருப்பர்.

பிற்கால வளர்ச்சி

போரின் முடிவில் ஜேர்மனியர் 55 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு வாணமொன்றை ஆக்கியிருந்தனர். குழாயினுள் இருக்கும்போது மடிந்தும், வெளியேறியதும் விரிந்தும் நிற்கும் செட்டைகள் அதன் சிறப்பு. இவ்வமைப்பினால் ஒரு விமானம் பல வாணங்களை நெருக்கி அடுக்கிச் சுமத்தல் கூடியதாயிற்று. அமெரிக்காவின் 2.75 அங்குல வாணமும் சோவியத்து நாட்டின் 57 மில்லிமீற்றர் வாணமும் இவ்வழியிற் பிறந்தவை. ஒன்று தவறினும் ஒன்று படும் என்ற எண்ணத்தாற் குறியின் குறையைத் தொகையால் நிரப்ப முயன்றனர்.

அம்முயற்சியின் எல்லையை 1956 ஆகத்து 16 அன்று கலிபோர்னியாவில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி காட்டியது. ஆளில்லாத பயிற்சி விமானம் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து லொஸ் ஏஞ்சலிஸ் நகர்ப்பக்கம் திரும்ப, அதனை வீழ்த்துமாறு இரு போர்விமானங்கள் அனுப்பப்பட்டன. அவை 208 வாணங்களை எய்தும் ஒன்றுதானும் அதனை வீழ்த்தவில்லை. எரிபொருள் தீர்ந்தபின் அது தானாகவே பாமில் நகருக்கு அப்பாலுள்ள பாலைநிலத்தில் வீழ்ந்தது. குறிதவறிய வாணங்களோ நிலத்தில் விழுந்து ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டுப்புதர்களை எரித்தன, வீடுகளும் சேதமுற்றன.

வானில் விமானத்தை அடித்தற்கு உதவாத அவ்வாணம், பின்னர் நிலத்தைத் தாக்கும் கருவியாக ஹெலிகொப்டர்களில் இடம்பெற்றது. வியற்நாம் போரிலே அமெரிக்க ஹெலிகொப்டர்கள் 7 அல்லது 19 வாணங்கள் அடங்கிய உருளைகளை இருபக்கமும் சுமந்து திரிந்தன. ஆப்கானித்தானில் 1979 முதல் 1989 வரை நடந்த போரிலே சோவியத்து ஹெலிகொப்டர்கள் 32 வாணங்கள் கொண்ட உருளைகளைத் தாங்கின. அங்கு 57 மில்லிமீற்றர் வாணத்தின் வலிமை போதாமையால் 80 மில்லிமீற்றர் வாணம் அதன் இடத்தைப் பெறலாயிற்று. இக்காலத்தில் வாணம் ஓர் இலக்கை அன்றி ஒரு பரப்பைத் தாக்கும் கருவியாகவே கருதப்பட்டது. பரப்பைத் தாக்கும் கருவி அப்பரப்பில் இருப்போர் அனைவரையும் தாக்கும் என்பதைக் கூறவேண்டுவதில்லை. வியற்நாமில் வழங்கிய வேறொரு முறையும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. மெதுவாகப் பறக்கும் சிறு விமானத்திலிருந்து நோக்குவோன் வெண்புகை எழுப்பும் வாணத்தை எய்து, பின்வரும் விமானங்களுக்கு இலக்கின் இடத்தைச் சுட்டினான். அருகே சென்று ஆறுதலாக நோக்கும் ஒருவனின் தேவையைப் படைகள் உணர்ந்தமைக்கு இது சான்று.

2012இல் அமெரிக்கப் படையினர் பழைய 2.75 அங்குல வாணத்தின் இடைப்பகுதியிலே லேசர் ஒளியைத் தொடர்ந்து செல்லும் கருவியைப் பொருத்திப் போரிற் பயன்படுத்தலாயினர். விட்டபின் திருப்ப இயலாதது என்ற பழைய இலக்கணம் அதனால் மாறியது. ஆயினும் நெறிப்படுத்தப்படாத வாணம் மறைந்துவிடவில்லை. 2022இல் தொடங்கிய உக்கிரேன் போரிலே இருதரத்து ஹெலிகொப்டர்களும் பகைவரின் ஏவுகணைகளுக்கு அஞ்சி மிகத் தாழப் பறந்து, முகத்தை மேல்நோக்கி உயர்த்தி, கண்ணுக்குப் புலப்படாத தொலைவிலுள்ள இடத்தை நோக்கி வாணங்களை எறிந்தன. அங்ஙனம் எறிவோன் தன் வாணம் விழுமிடத்தையே காண்பதில்லை.

முடிபு

தொடக்கத்திற் கூறிய மூன்று வினாக்களையும் மீண்டும் நோக்குவோம். வாணம் எங்கே விழும் என்ற வினாவுக்கு ஒரு நூற்றாண்டு முயற்சியின்பின் பொறியியலாளர் ஓரளவு விடை கண்டனர். அங்கே இருப்பவர் யார் என்ற வினாவுக்குப் பொறியியல் விடை தருவதில்லை. லூபெக் விரிகுடாவில் வாணங்கள் குறித்த கப்பல்களையே சென்று தாக்கின; அவற்றுள் இருந்தோர் யாவர் என்ற செய்தியே வந்து சேரவில்லை. இவ்வினா அறிவித்தல், அறிதல், ஐயுற்று மீண்டும் வினாவுதல் ஆகிய மனிதர் செயல்களைச் சார்ந்தது.

விழுந்து அது செய்தது யாது என்ற மூன்றாம் வினாவே வரலாற்றுக்கு உரியது. மோற்றேனில் 252 என்ற எண்ணை வெளியிட்டோரிடம் வஞ்சகம் இல்லை. அவர்களிடம் இருந்தது வானிலிருந்து கண்ட காட்சி. 9 என்ற எண்ணைக் கண்டோர் வயல்தோறும் நடந்து, ஒவ்வோர் இரும்புக் கூட்டையும் தொட்டு நோக்கினர். தம் நாட்டு வான்படையின் புகழுக்கு மாறாயிருந்தும் கண்டதை எழுதினர். அதனோடு அமையாது, அவ்வெண்ணுக்கு அப்பாலும் வாணம் விளைத்த அச்சத்தையும் ஆராய்ந்து கூறி, வான்படைக்கு உரிய பங்கையும் மறைக்காது விட்டனர். கூற்றைச் சான்றோடு ஒப்பிடுதலும், சான்று தருவதற்கு மேலோ கீழோ கூறாமையும் வரலாறு பயிலும் மாணவர் அவர்களிடமிருந்து கொள்ளத்தக்க பாடங்களாம்.